ஆயிரத்து முந்நூற்று ஐந்து படிகள்

“டாக்டரம்மா, நான் எப்போ மலை ஏறலாம்?”

கடந்த ஆடி மாதம் மாரடைப்புடன் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்று வீடு திரும்பிய மளிகைக் கடைக்காரர் ஒருவர், அதன்பின் பரிசோதனைக்கு வந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். உணவைப் பற்றிக் கேட்டதில்லை. மாத்திரைகளைப் பற்றியும் கேட்டதில்லை. அவருக்கு வயது 58. பேரக்குழந்தை பிறந்தால் சோளிங்கர் பெரிய மலைக்குப் படியேறி வந்து முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்து ஓராண்டாகிவிட்டது. குழந்தையின் தலைமுடி தோளைத் தொட்டுவிட்டது. தாத்தாவின் இதயம்தான் தடையாக நின்றது.

“இப்போதுதான் கம்பிவட ஊர்தி வந்துவிட்டதே, அதில் போய் வாருங்கள்” என்றேன்.

“வேண்டிக்கிட்டது படியேறி வர்றதா அம்மா. கம்பியில தொங்கிக்கிட்டுப் போறதா வேண்டிக்கலையே” என்றார்.

இந்தக் கட்டுரையை அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன். அவருடைய கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. மார்பில் தழும்போ, தமனியில் கம்பிவலைச் சுருளோ, கையில் சர்க்கரை மாத்திரையோ உள்ள பலர், பழனி, திருக்கழுக்குன்றம், திருச்சி மலைக்கோட்டை என்று ஏதேனும் ஒரு மலையின் பெயரைச் சொல்லி இதையே கேட்கின்றனர். கேட்பவர்கள் நல்லவர்கள். கேட்காமலேயே ஏறிவிடுபவர்களை எண்ணித்தான் அஞ்சுகிறேன்.

சோளிங்கர் இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்றான திருக்கடிகை இதுவே. பெரிய மலை ஏறத்தாழ 750 அடி உயரம், 1305 படிகள். உச்சியில் யோக நரசிம்மரும் அமிர்தவல்லித் தாயாரும் எழுந்தருளியுள்ளனர். எதிரே சிறிய மலை, 406 படிகள், அதன் மேல் நான்கு திருக்கரங்களுடன் சங்கும் சக்கரமும் தாங்கிய யோக ஆஞ்சநேயர் நரசிம்மரை நோக்கி அமர்ந்திருக்கிறார். சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் கருங்கல் குன்று என்பதால், சுற்றி வளைந்து மெல்ல ஏறும் பாதைக்கு இங்கே இடமில்லை. படிகள் ஏறக்குறைய நேராக மேலே செல்கின்றன. இந்தச் செங்குத்துதான் மருத்துவருக்குக் கவலையளிப்பது.

அவருக்கு இசைவு அளிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதற்கு முன், அந்தப் படிகளை நானே மீண்டும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இருபது ஆண்டுகளாக நான் அங்கே செல்லவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். தை மாதத்தில் ஓர் ஞாயிற்றுக்கிழமை, கணவர், பத்து வயது மகள், ஏழு வயது மகன், எழுபத்திரண்டு வயதான என் தாயார் ஆகியோருடன் புறப்பட்டேன். கார்த்திகை மாதத்தை வேண்டுமென்றே தவிர்த்தோம். பதினொரு மாதங்கள் யோகத்தில் இருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறப்பதாக நம்பிக்கை. அம்மாதம் முழுவதும் படிகளில் பெருங்கூட்டம் இருக்கும். கூட்டத்தில் ஏறும்போது நம் கால்கள் நம் விருப்பப்படி நடப்பதில்லை. பின்னால் வருபவரின் விருப்பப்படி நடக்கின்றன. நின்று மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாது. இதய நோயாளிக்கு இதைவிடப் பெரிய இடர் வேறில்லை.

வீட்டிலேயே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 750 அடியை 1305 படிகளால் வகுத்தால், ஒரு படியின் உயரம் சராசரியாகப் பதினேழரை சென்டிமீட்டர்; ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் மருத்துவமனையில் ஒரு தளத்துக்கு 22 படிகள். எனவே அந்த மலை, நம் மருத்துவமனையைப் போல் அறுபது மாடிகள் கொண்ட ஒரு கட்டடத்துக்குச் சமம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அவ்வுயரத்தை ஏறி முடிக்க அவரது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 150 முதல் 190 கலோரி. மூன்று நான்கு இட்லிகளுக்கு மேல் இராது! மலையேறிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் கீழே இறங்கியதும் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் உண்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் செலவாகும் மொத்த ஆற்றல் குறைவு என்பதால் உழைப்பும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. சமதரையில் ஒரு மணி நேரம் உலாவச் செலவாகும் ஆற்றலை இருபது நிமிடத்தில் இதயத்திடம் கேட்டால், அதுதான் சிக்கல்.

காலை வெயில் ஏறுமுன் அடிவாரத்தை அடைந்தோம். தாயாரைக் கம்பிவட ஊர்தியில் அனுப்பினோம். 2024ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு முன், ஏற முடியாதவர்களுக்கு டோலி ஒன்றே வழி. நான்கு பேர் தோளில் சுமந்து ஏற்றுவார்கள். ஒருவருக்கு இதயவலி வராமலிருக்க நான்கு பேரின் இதயங்கள் உழைத்த காலம் அது.

முதல் நூறு படிகளில் நான் கண்டது, எந்த மலையிலும் காணக்கூடிய காட்சிதான். எல்லோரும் ஓடுகிறார்கள். இளைஞர்கள் இரண்டிரண்டு படிகளாகத் தாவுகிறார்கள். அவர்களைப் பார்த்து நடுவயதினர் விரைகிறார்கள். என் மகன் எங்களை விட்டுவிட்டு மேலே பறந்தான். நூற்றைம்பதாவது படிக்கு அருகில் அவ்வளவு பேரும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கினார்கள். உடல் ஓய்விலிருந்து உழைப்புக்கு மாறச் சில நிமிடங்கள் பிடிக்கும். தசைகளின் இரத்தக்குழாய்கள் விரிவடைய வேண்டும். மூச்சு அதற்கேற்ப ஆழமாக வேண்டும். அந்த அவகாசம் தராமல் விரைந்து ஏறினால், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஒரேயடியாக உயரும். எனவே அடிவாரத்தில் ஐந்து பத்து நிமிடங்கள் சமதரையில் நடந்துவிட்டு, முதல் நூறு படிகளை ‘இவ்வளவு மெதுவாகவா?’ என்று நமக்கே வெட்கமாகும் வேகத்தில் ஏறுவது நல்லது.

இதயத்தைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். உடலின் மற்ற உறுப்புகள், இதயம் சுருங்கும்போது இரத்தத்தைப் பெறுகின்றன. இதயத்தின் தசையோ, பெரும்பாலும் தான் விரிந்து இளைப்பாறும் அந்த நொடிப்பொழுதில்தான் தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெற்றுக்கொள்கிறது. நாடி வேகமாக வேகமாக, அந்த இளைப்பாறும் பொழுதுதான் சுருங்குகிறது. அதாவது, வேலை கூடும் நேரத்தில் கூலி குறைகிறது. தமனிகள் செம்மையாக உள்ளவர்களுக்கு இதனால் தீங்கில்லை. அவை விரிந்து கொடுத்து ஈடுசெய்துவிடும். எழுபது விழுக்காடு அடைபட்ட தமனி விரிய முடியாது. வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது எந்தத் துன்பமும் தராத அந்த அடைப்பு, முந்நூறாவது படியில் தன் இருப்பைத் தெரிவிக்கும்.

நாடியை எண்ணிக்கொண்டே ஏறலாமா என்று சிலர் கேட்பார்கள். கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு தெரியும் காலம் இது. மாரடைப்பு வந்தவர்களில் பலர் நாடியைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகளை உட்கொள்பவர்கள். அவர்களது கடிகாரம் ‘எல்லாம் நலம்’ என்று பொய் சொல்லக்கூடும். நான் பரிந்துரைப்பது இன்னும் எளிய அளவுகோல். பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் ஏறுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நில்லுங்கள். பாடிக்கொண்டே ஏற முடிந்தால், சற்று வேகம் கூட்டலாம். எங்களுக்கு முன்னே நாமம் சொல்லிக்கொண்டு சென்ற மூதாட்டியர் இந்த விதியை அறியாமலேயே சரியாகப் பின்பற்றினர்; நாமம் தடைப்பட்டபோதெல்லாம் அமர்ந்துவிட்டனர். வழியெங்கும் அமர்ந்து இளைப்பாற இடங்கள் உள்ளன. கட்டியவர்கள் காரணத்தோடுதான் கட்டியிருக்கிறார்கள்.

பாதி வழியில் அத்தகைய ஓரிடத்தில் நான் சற்று அதிக நேரம் அமர்ந்துவிட்டேன். மகள் வந்து, “அம்மா, உனக்கு மூச்சு வாங்குதா?” என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்ற ஒரு தை மாதக் காலையில், என் தந்தை அங்கே அமர்ந்தார். அவருக்கு வயது 56. சர்க்கரை நோய் இருந்தது, புகைப்பழக்கமும் இருந்தது. குளிர் விலகாத பொழுது. அவருடைய சட்டையின் முதுகுப்புறம் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. நெஞ்சின் நடுவே கையை வைத்துத் தேய்த்துக்கொண்டு, “வாய்வும்மா. காலையில தின்ன பொங்கல் சரியில்ல. நீங்க மேல போயிட்டு வாங்க” என்றார். அப்போது நான் எம்.டி. முதலாண்டு மாணவி. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், சீராக இருந்தது. வலி எங்கேனும் பரவுகிறதா என்று கேட்டேன்; இல்லை என்றார். ‘சற்று இளைப்பாறினால் சரியாகிவிடும்’ என்று தாயாரிடம் சொல்லிவிட்டு, அனைவரையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் அங்கே இல்லை. தாமே மெல்ல இறங்கி, அடிவாரத்துக் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சிரித்தார். மாலையில் தாடை வலிக்கிறது என்றார். இரவு மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில், இதயத்தின் முன்சுவர்ப் பகுதியில் பெரிய மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்பட்டது. அம்மருந்து முதல் சில மணி நேரங்களில் தரும் பயனைப் பத்து மணி நேரம் கழித்துத் தருவதில்லை. உயிர் பிழைத்தார், இதயத்தின் சுருங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதன்பின் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். குடும்பத்தில் யார் சோளிங்கர் சென்றாலும் உடன் செல்வார். அடிவாரத்தில் அமர்ந்து அனைவரது செருப்புகளையும் பைகளையும் காத்துக்கொண்டிருப்பார். நான் ஒருமுறையும் செல்லவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. ‘வாய்வு என்று சொன்னது நான்தானே’ என்பார்.

நோயாளி ‘வாய்வு’ என்று சொல்வது அவருடைய உரிமை. அதை நம்புவது மருத்துவம் கற்றவளின் கடமையன்று. சீரான நாடி மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை அன்றே நான் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். என் தந்தையின் கையைப் பிடித்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. இதை இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம், உங்களில் பலர் இப்படிப்பட்ட படியொன்றில், இப்படிப்பட்ட ஒருவர் அருகே, முடிவெடுக்க வேண்டியவராக நிற்கக்கூடும் என்பதே.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டியவை சில. ஏறும்போது தோன்றி, நின்றால் அடங்கும் நெஞ்சு இறுக்கம் எதுவாயினும் அது இதயத்திலிருந்து வருவதாகவே கொள்ள வேண்டும். பலர் அதை வலி என்று சொல்ல மாட்டார்கள். பாரம், எரிச்சல், அழுத்தம், ‘ஒரு மாதிரி’ என்பார்கள். இறுக்கம் நெஞ்சில் தோன்றாமல் தாடையிலோ தொண்டையிலோ இடது கையிலோ மேல்வயிற்றிலோ மட்டும் தோன்றலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறலாகவோ அளவுகடந்த சோர்வாகவோ வரலாம். குளிர்ந்த வியர்வை எப்போதும் தீய அறிகுறி. உடன் வந்தவர்களைவிட ஒருவருக்கு மட்டும் முகம் வெளிறி, சட்டை நனைந்திருந்தால், அவர் என்ன சொன்னாலும் அன்றைய ஏற்றம் அத்துடன் முடிந்தது.

அவரை உடனே அமரச் செய்யுங்கள். இதயநோய்க்காக நாவின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை மருத்துவரால் தரப்பட்டிருந்தால், அமர்ந்த பின்னரே அதை வைக்க வேண்டும். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். நின்றுகொண்டு வைத்துக்கொண்டவர்கள் மயங்கிப் படிகளில் உருண்டதுண்டு. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை அண்மையில் உட்கொண்டவர் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது. கூச்சத்தால் இதை மறைப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் இறுக்கம் தணியாவிட்டால் 108க்கு அழையுங்கள். அவரை நடந்து இறங்க விடாதீர்கள். ஆட்கள் சுமக்கட்டும், அல்லது மேலே ஊர்தி நிலையம் அருகிலிருந்தால் அதன் வழியே இறக்கட்டும். சோடாவும் ஓமத்திரவமும் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மீதிப் பாதியை நாங்கள் மெல்ல ஏறினோம். மகள் படிகளை எண்ணி வந்தாள். 800க்குப் பிறகு தம்பியுடன் சண்டையில் கணக்கு தவறியது. குரங்குகள் மிகுதி. கையில் பை, பழம், தேங்காய், கண்ணாடி எது இருந்தாலும் அவற்றுக்குத் தங்களுடையதாகவே தோன்றுகிறது. பறித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பறிக்க முயன்றவர்களே பெரும்பாலும் கடிபடுகிறார்கள். கடியோ நகக்கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி வருபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு செய்திகள், இரண்டுமே நான் நேரில் கண்டவை. முதலாவது, விரதம். தரிசனம் முடியும்வரை உண்ணாதிருப்பது வழக்கம்; ஆனால் இன்சுலினும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் விரதம் அறியா. வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஏறினால், பாதி வழியில் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறும். அன்றைக்கு மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று முன்னதாகவே எங்களிடம் கேளுங்கள். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, பாதங்கள். செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலுடன் ஏறுகிறோம். காலையில் குளிர்ந்திருக்கும் கருங்கல், நண்பகலில் வெயில்படும் இடங்களில் தோசைக்கல்லாகிவிடும். நமக்குச் சுடும், துள்ளி நிழலுக்கு ஓடுவோம். நெடுநாள் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் மரத்தவர்களுக்குச் சுடாது. அவர்கள் நிதானமாக நடந்து வந்து, தரிசித்து, வீடு சென்று, மறுநாள் பாதம் முழுவதும் கொப்புளங்களைக் கண்டு வியப்பார்கள். எங்கள் பிரிவில் ஒவ்வொரு கோடையிலும் இத்தகைய புண்களைப் பார்க்கிறோம். சிலர் விரல்களை இழந்துள்ளனர். மரத்த பாதம் உள்ளவர்கள் தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொண்டு, வெயிலுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் வேறொருவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

உச்சியை அடைய எங்களுக்கு ஒரு மணி பத்து நிமிடமாயிற்று. ஊர்தியில் வந்த தாயார் தரிசனம் முடித்துவிட்டு, புளியோதரையுடன் காத்திருந்தார். பாறையின் விளிம்பருகே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றால் காட்சி விரிகிறது. எதிரே சிறிய மலை, கைநீட்டினால் எட்டிவிடும் போல. கீழே ஏரிகள், தென்னந்தோப்புகள், நெல்வயல்கள், அவற்றுக்கிடையே நம் ஊர்களுக்கெல்லாம் செல்லும் சாலைகள். இந்தச் சமவெளியில்தான் 1781 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஐர் கூட்டின் படையும் மோதின. மகனுக்குப் போர்க்கதையைச் சொன்னேன். அவன் பீரங்கி எங்கே என்று தேடினான்.

கடிகை என்றால் நாழிகை, 24 நிமிடம். இம்மலையில் ஒரு நாழிகை தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது நம்பிக்கை. விசுவாமித்திரர் ஒரு நாழிகை வழிபட்டுப் பிரம்மரிஷி ஆனார் என்கிறது தலபுராணம். வீடுபேறு பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஏறி முடித்தவர் இறங்குமுன் ஒரு நாழிகையேனும் அமர்ந்திருப்பது இதயத்துக்கும் முழங்காலுக்கும் நன்று என்று உறுதியாகச் சொல்வேன். நீர் அருந்துங்கள், சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களும், இதயம் பலவீனமானவர்களும் எவ்வளவு அருந்தலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மலையடிவாரத்தில் தக்கான் குளம் இருக்கிறது. மனநோயாளிகளை அழைத்து வந்து அதில் நீராட்டுவது நெடுங்கால வழக்கம். நீராடுவதை நான் தடுக்க மாட்டேன். அங்கே வரும் குடும்பங்களின் துயரத்தை நான் அறிவேன். மாத்திரையை நிறுத்திவிட்டு நீராட்டாதீர்கள் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்றத்தில் இதயம் உழைக்கிறது, இறக்கத்தில் முழங்கால். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஏறிவிட்டுக் கம்பிவட ஊர்தியில் இறங்குவதே அறிவுடைமை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான் பெருமைக்காக நடந்தே இறங்கினேன். செவ்வாய்க்கிழமை வரை எங்கள் பிரிவில் நாற்காலியிலிருந்து எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டேன். செவிலியர்கள் கண்டும் காணாததுபோல் இருந்தனர்.

ஏறவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகாதவர்கள். ஓய்விலோ சிறு உழைப்பிலோ நெஞ்சு இறுகுபவர்கள். பெருந்தமனி வால்வு மிகவும் குறுகியவர்கள். உழைக்கும்போது மயங்கி விழுந்தவர்கள். இதயப் பலவீனத்தால் கால் வீங்கியவர்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள். இவர்களுக்கு ஊர்தி உண்டு. அதில் செல்வது குறைந்த பக்தி என்று நினைக்கும் உறவினர்கள், தயவுசெய்து அந்த எண்ணத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளட்டும்.

மளிகைக் கடைக்காரருக்கு வருகிறேன். கார்த்திகையிலேயே அவரிடம் ஒரு பேரம் பேசியிருந்தேன். அவர் வீட்டு மொட்டை மாடிக்கு 18 படிகள். முதல் வாரம் நாளுக்கு ஐந்து முறை, மெதுவாக. இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஓய்வு. கூடவே காலையில் அரைமணி நேர நடை. நோட்டுப் புத்தகத்தில், கடன் கணக்கு எழுதுவதைப் போல, நாள்தோறும் எழுதி வந்தார். பன்னிரண்டாவது வாரத்தில் நாற்பது முறை ஏறினார். எக்கோ பார்த்தோம், இதயம் நன்றாகச் சுருங்கியது. டிரெட்மில்லில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும்; மூன்று கட்டங்களை வலியின்றி, ஈசிஜியில் மாற்றமின்றி முடித்தார். சான்றிதழ் எழுதித் தரும்போது என் கை சற்றுத் தயங்கியது உண்மை. முடிவு பரிசோதனையின்படிதான், தயக்கம் என்னுடையது. மகன் உடன் வர வேண்டும், வேலைநாளில் செல்ல வேண்டும், முகம் வெளிறினால் மகனின் சொல்லே இறுதி, இறங்குவது ஊர்தியில். நான்கு நிபந்தனைகளுக்கும் தலையசைத்தார்.

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரைக்கு அவர் மகனிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. மழித்த தலையில் சந்தனம் பூசிய குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதைத் தூக்கி வைத்திருப்பவர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். பின்னால் சிறிய மலை. ‘ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பதினான்கு இடத்தில் உட்கார்ந்தோம். அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்’ என்று எழுதியிருந்தார். நான் அந்தப் படத்தை என் தாயாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

சென்ற வாரம் பரிசோதனைக்கு வந்தார்.

“டாக்டரம்மா, சின்ன மலைக்கும் போகலைன்னா பயணம் முழுமையாகாதாம். நானூத்தி ஆறு படிதானே?”

அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கை என் முன்னே இருந்தது. கெட்ட கொழுப்பு மீண்டும் உயர்ந்திருந்தது. மலையேறிய மகிழ்ச்சியில் ஒரு மாதமாக இரவு மாத்திரையை விட்டுவிட்டாராம். அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.